ஃப்ளாப்பி டிரைவ் சுற்றுது, விளக்கும் எரியுது, ஆனா படிக்க மாட்டேங்குது (486, 1.44 எம்பி)

#1 பழையபெட்டி486

வணக்கம். பெட்டி 486 டிஎக்ஸ்2-66, அவார்டு பயாஸ், எம்எஸ்-டாஸ் 6.22. டிரைவ் பானசோனிக் ஜேயூ-257, மூன்றரை அங்குலம், 1.44 எம்பி.

பவர் போட்டதும் டிரைவ் விளக்கு ஒரு தடவை எரிந்து அணைகிறது. ஹெட் (டிஸ்கைப் படிக்கும் முனை) நகரும் ‘டர்ர்’ சத்தமும் வருகிறது. பயாஸ் எந்தக் குறையும் சொல்லவில்லை. பூட் டிஸ்க் போட்டால் ‘நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்’. ஹார்டு டிஸ்கில் பூட் பண்ணி ‘டிஐஆர் ஏ:’ கொடுத்தால் நாலைந்து முறை உறுமிவிட்டு ‘செக்டார் நாட் ஃபவுண்ட் ரீடிங் டிரைவ் ஏ’. வெற்று டிஸ்கை ஃபார்மேட் பண்ணினால் ‘இன்வேலிட் மீடியா ஆர் ட்ராக் 0 பேட்’. அதே பூட் டிஸ்க் வேறு கணினியில் ஒழுங்காகப் படிக்கிறது. கேபிளை மாற்றியும் பலன் இல்லை.

அலைன்மென்ட் (ஹெட் சரியான தடத்தின் மேல் நிற்பது) போய்விட்டது என்று சந்தேகம். ஹெட்டை நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் இரண்டு ஸ்க்ரூவைத் தளர்த்திக் கொஞ்சம் திருப்பினால் சரியாகுமா? படிக்க வேண்டியது 12 டிஸ்க். 1999 முதல் 2001 வரையிலான கடிதங்கள், வேறு நகல் கிடையாது.

#2 ஈயப்பற்று

அந்த ரெண்டு ஸ்க்ரூவில் கையே வைக்காதீங்க. மூன்றரை அங்குல டிஸ்கில் ஒரு அங்குலத்துக்கு 135 ட்ராக் (டேட்டா பதியுற வட்டத் தடம்). ஒரு ட்ராக்குக்கும் அடுத்ததுக்கும் நடுவில 0.19 மில்லிமீட்டர்கூட இல்லை. கைவாக்கில் திருப்பினா ஒரு ட்ராக் தள்ளிப் போய் உட்கார்ந்துடும். அப்புறம் உண்மையான கோளாறு எது, நீங்க உண்டாக்கினது எதுன்னு பிரிச்சுச் சொல்ல யாராலும் முடியாது.

முதல்ல அந்த 12 டிஸ்கிலயும் ரைட்-புரொடெக்ட் தாழை நகர்த்தி ஓட்டை தெரியற மாதிரி வையுங்க. மூன்றரை அங்குலத்தில் ஓட்டை திறந்திருந்தா எழுத முடியாது. (அஞ்சேகால் அங்குலத்துல இது நேர் எதிர், அங்கே பள்ளத்தை ஸ்டிக்கர் ஒட்டி மூடினாத்தான் பாதுகாப்பு.) டிரைவ் நல்லா இருக்குன்னு உறுதியாகிற வரைக்கும் அதுல ஒண்ணைக்கூட உள்ளே போடாதீங்க. போனாப் போகட்டும்னு விடக்கூடிய டிஸ்க் மூணு நாலு ஒதுக்கி அதிலேயே சோதனை பண்ணுங்க.

ரெண்டு கேள்வி. பயாஸ்ல ஏ டிரைவ் 1.44, 3.5 அங்குலம்னு இருக்கா? அந்தக் காலத்து போர்டுகள்ல பேட்டரி செத்துப்போய் அமைப்பு 1.2 எம்பின்னோ ‘நன்’ (டிரைவே இல்லை)ன்னோ மாறிக்கிடக்கும். கீபோர்டு சாக்கெட் பக்கம் நீல உருளை பேட்டரி இருந்தா அது நிக்கல்-காட்மியம், கசிஞ்சு போர்டை அரிச்சிருக்கான்னும் பாருங்க. ரெண்டாவது, மோட்டார் ஓடும்போது டிரைவோட பவர் கனெக்டர்ல சிவப்புக் கம்பியில் எத்தனை வோல்ட்? 4.75-க்குக் கீழே இறங்கினா டிரைவைத் திட்டிப் பிரயோஜனமில்லை, பவர் சப்ளையைப் பாருங்க.

#3 செம்புக்கம்பி

எதுக்கு இந்தப் பாடு? கோடெக் (ஃப்ளாப்பி டிரைவுக்குப் பதிலா பென் டிரைவ் செருகுற பெட்டி) ஒண்ணு வாங்கி மாட்டுங்க, ஃப்ளாஷ்ஃப்ளாப்பி ஃபர்ம்வேர் ஏத்துங்க, பென் டிரைவ்ல ஆயிரம் ஃப்ளாப்பி வெச்சுக்கலாம். சத்தமும் இல்ல, தூசியும் இல்ல.

#4 ஈயப்பற்று

கோடெக் நல்ல சாமான்தான். அதுல அந்த 12 டிஸ்கை எந்த வழியா நுழைக்கிறதுன்னு சொல்லுங்க.

#5 தடம்சுழியம்

முதல் பதிவிலேயே பாதி விடை இருக்கிறது. டிரைவ் எதைப் படிக்கிறது, எதைப் படிக்கவில்லை என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

1.44 எம்பி டிஸ்கில் 80 ட்ராக், இரண்டு பக்கம், ஒவ்வொரு ட்ராக்கிலும் பக்கத்துக்கு 18 செக்டார் (512 பைட் கொண்ட துண்டு). டாஸ் கணக்கில் செக்டார் 0 முதல் 17 வரை ட்ராக் 0-வின் கீழ்ப்பக்கம், அதாவது ஹெட் 0. செக்டார் 18 முதல் 35 வரை அதே ட்ராக்கின் மேல்பக்கம், ஹெட் 1. செக்டார் 0 பூட் செக்டார். 1 முதல் 9 வரை முதல் ஃபேட் அட்டவணை (எந்த ஃபைல் எந்த இடத்தில் என்ற குறிப்பு), 10 முதல் 18 வரை அதன் இரண்டாம் நகல். ரூட் டைரக்டரி 19 முதல் 32 வரை. ஆக, ரூட் டைரக்டரி ஒன்றுவிடாமல் மேல் ஹெட்டின் பொறுப்பில் இருக்கிறது.

‘நான்-சிஸ்டம் டிஸ்க் ஆர் டிஸ்க் எரர்’ என்ற வாசகம் பயாஸில் கிடையாது, அது டிஸ்கின் பூட் செக்டாருக்குள் எழுதப்பட்டிருப்பது. அது திரையில் வந்தாலே செக்டார் 0 நினைவகத்துக்கு வந்து ஓடியும் விட்டது என்று பொருள். கீழ் ஹெட், ட்ராக் 0 சென்சார், இண்டெக்ஸ் (சுற்றின் தொடக்கக் குறி), மோட்டார் வேகம் எல்லாம் வேலை செய்யாமல் அது வராது. அடுத்த படியாக ரூட் டைரக்டரியில் டாஸின் முதல் ஃபைலான ஐஓ.சிஸ் தேடப் போகும்போதுதான் தடுக்குகிறது.

உறுதி செய்ய டாஸோடு வரும் டீபக் என்ற கருவி போதும். நல்லதென்று தெரிந்த டிஸ்கைப் போட்டு டீபக்கைத் திறந்து, எல் என்ற கட்டளை எழுத்தோடு நான்கு எண்கள் கொடுங்கள்: 100 0 11 1. நினைவக முகவரி, டிரைவ் (0 என்றால் ஏ), முதல் செக்டார், எத்தனை செக்டார் என்பது வரிசை. எல்லாம் பதினாறடிமான எண்கள். 11 என்பது செக்டார் 17, ஹெட் 0-வின் கடைசி. பிறகு 11-க்குப் பதில் 12 (செக்டார் 18, ஹெட் 1-ன் முதல்). அடுத்து 24 (ட்ராக் 1, ஹெட் 0), 36 (ட்ராக் 1, ஹெட் 1), பி1சி (ட்ராக் 79, ஹெட் 0), பி2ஈ (ட்ராக் 79, ஹெட் 1). எது வருகிறது, எது தடுக்குகிறது என்று எழுதுங்கள். எல் மட்டும் கொடுங்கள். டபிள்யூ கொடுத்தால் டிஸ்கில் எழுதிவிடும்.

#6 பழையபெட்டி486

பயாஸில் 1.44 சரியாக இருக்கிறது. மோட்டார் ஓடும்போது 4.96 வோல்ட். பேட்டரி முன்பே எடுத்தது, போர்டு சுத்தம்.

டீபக்: 11, 24, பி1சி மூன்றும் வந்தன. 12, 36, பி2ஈ மூன்றும் பிழை. இரண்டு டிஸ்கில் பார்த்தேன், ஒரே முடிவு.

#7 தடம்சுழியம்

அப்படியானால் மேல் ஹெட். அலைன்மென்ட் என்ற சந்தேகத்தையும் இதோடு விட்டுவிடலாம். இரண்டு ஹெட்டும் ஒரே வண்டியில் போகின்றன, ஸ்டெப்பர் விலகியிருந்தால் இரண்டும் சேர்ந்தே தப்பும். கீழ் ஹெட் 79-ஆம் ட்ராக் வரை சரியாகப் போய் மேல் ஹெட் ட்ராக் 0-விலேயே விழாது.

மீதம் மூன்று காரணம். மேல் ஹெட்டில் அழுக்கு, இதுதான் பெரும்பாலும். அதன் மெல்லிய ஸ்பிரிங் தகடு வளைந்து ஹெட் டிஸ்கில் சரியாகப் படியாமல் இருப்பது. அல்லது ஹெட்டிலிருந்து போர்டுக்குப் போகும் ஃபிலிம் கேபிள் சாக்கெட்டில் சரியாக உட்காராமல் இருப்பது. டேட்டா கேபிளின் 32-ஆவது பின், எந்தப் பக்கத்து ஹெட் என்று தேர்ந்தெடுப்பதற்கானது. அது அறுந்திருந்தாலும் ஹெட் 1 வராது. ஆனால் கேபிளைத்தான் ஏற்கெனவே மாற்றிவிட்டீர்களே.

#8 செம்புக்கம்பி

ஹெட் அழுக்குன்னா கிளீனிங் டிஸ்க் போட்டா முடிஞ்சுது. ரெண்டு சொட்டு விட்டு முப்பது விநாடி ஓட்டணும், அவ்வளவுதான்.

#9 ஈயப்பற்று

வாரம் ஒருதடவை ஓடின டிரைவுக்கு அது சரி. இருபது வருஷம் மூலையில் கிடந்ததுக்கு வேண்டாம். மேல் ஹெட்ல காய்ஞ்சு ஒட்டினது ஒரே சுத்துல கரையாது. அந்த கிளீனிங் டிஸ்க் துணியும் காய்ஞ்சு சொரசொரப்பாகி ஹெட்டை இழுக்கும். கழட்டிப் பார்த்துக் கையால துடைக்கிறதுதான் பத்திரம்.

வேணும்கிறது: 99 சதவீத ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், நுரை முனைக் குச்சி நாலஞ்சு, டார்ச், பல் டாக்டர் வெச்சிருக்கிற மாதிரி சின்னக் கண்ணாடி. மெடிக்கல் ஷாப் சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், அதுல தண்ணியும் வேற சேர்மானமும் இருக்கும். சானிடைசர்ல கிளிசரின், படலமா ஒட்டிக்கும். பெட்ரோல், தின்னர், அசிட்டோன் பக்கமே போகாதீங்க. காது குடையற பஞ்சும் வேண்டாம். ஹெட் ஓரம் கத்தி மாதிரி இருக்கும், பஞ்சு இழை அதுல மாட்டி இழுத்துட்டு வரும்.

பவரை எடுத்துட்டு கேபிளைக் கழட்டுங்க. மேல்மூடி ஒண்ணு ரெண்டு ஸ்க்ரூவிலயோ பக்கக் கொக்கியிலயோ நிக்கும். முன்வாய்க் கதவுக்கு முடி மாதிரி ஒரு ஸ்பிரிங் இருக்கும், அது பறந்தா தேடி எடுக்கிறது பெரும்பாடு. டிஸ்க் இல்லாதப்ப மேல் ஹெட்டோட கை தானா தூக்கிக்கிட்டு நிக்கும், அந்த இடைவெளியே குச்சிக்குப் போதும். கையைப் பிடிச்சு இன்னும் மேலே தூக்காதீங்க, பக்கவாட்டில் அசைக்கவே அசைக்காதீங்க. தகடு ஒருதடவை மடங்கினா டிரைவுக்குக் காரியம் பண்ணிடலாம்.

கண்ணாடியைக் கீழே நுழைச்சு மேல் ஹெட்டைப் பாருங்க. நல்ல ஹெட் கண்ணாடி மாதிரி மின்னும், நடுவில் முடி போல ஒரு கோடு இருக்கும். மங்கலாவோ பழுப்பாவோ தெரிஞ்சா அதுதான் வினை. குச்சியை நனைச்சு, சொட்டாம உதறி, ஹெட்டை அழுத்தாம நாலு தடவை இழுத்துத் துடைங்க. குச்சி பழுப்பாச்சுன்னா புதுக் குச்சி. அப்படியே ரெண்டு நிமிஷம் ஊற விட்டு மறுபடி துடைங்க. கடைசிக் குச்சி வெள்ளையாவே திரும்பணும். கீழ் ஹெட்டையும் விடாதீங்க. பத்து நிமிஷம் காய விட்டுட்டு மூடுங்க.

திறந்த கையோட இன்னொரு வேலை. ஹெட் வண்டி ஓடுற கம்பியிலும் திருகு தண்டிலும் பழைய கிரீஸ் மெழுகு மாதிரி இறுகியிருக்கும். ஆல்கஹாலால வழிச்சு எடுத்துட்டு, கம்பிக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரே ஒரு சொட்டு, திருகு தண்டுக்கு வெள்ளை லித்தியம் கிரீஸ் குண்டூசித் தலை அளவு. தேங்காய் எண்ணெய் விட்டு வெச்ச டிரைவ்கள் உலகத்துல உண்டு. அது பிசினாகி வண்டியையே ஒட்டிடும். அப்புறம் தண்டை விரலால் சுத்தி வண்டியை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் ஓட்டிப் பாருங்க. எங்கேயும் இடறக் கூடாது.

மூடுறப்ப பவர் கனெக்டரைப் பார்த்துச் செருகுங்க. அந்தச் சின்ன நாலு பின் கனெக்டர் ஒரு பின் தள்ளி உட்காரும், சிலதுல தலைகீழாவும் ஏறும். 5 வோல்ட் வர்ற இடத்துல 12 வோல்ட் போச்சுன்னா போர்டு போச்சு. டேட்டா கேபிள்ல சிவப்பு ஓரம் பின் 1 பக்கம். மாத்திப் போட்டா விளக்கு அணையாம எரியும், மோட்டாரும் சுத்திக்கிட்டே இருக்கும். அந்த நிலைமைல எழுதச் சொல்ற சிக்னலும் தரையோட சேர்ந்திருக்கும், டிஸ்க் உள்ளே இருந்தா ஒரு ட்ராக் அழிஞ்சுபோக வாய்ப்பு உண்டு.

#10 பழையபெட்டி486

மேல் ஹெட்டில் பாதி பழுப்புப் படலம். ஏழு குச்சி ஆயிற்று, கடைசிக் குச்சி சுத்தம். கம்பியில் கிரீஸ் மஞ்சள் மெழுகாக இருந்தது, அதையும் மாற்றினேன். இப்போது 12, 36, பி2ஈ மூன்றும் வருகின்றன. டைரக்டரி வருகிறது, வெற்று டிஸ்க் முழுவதும் பேட் செக்டார் இல்லாமல் ஃபார்மேட் ஆயிற்று.

இனி அந்த 12 கடித டிஸ்கையும் போடலாமா? அலைன்மென்ட் சரியாக இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

#11 தடம்சுழியம்

தானே ஃபார்மேட் செய்த டிஸ்கைத் தானே படிப்பது அலைன்மென்ட்டுக்குச் சான்று ஆகாது. விலகிய டிரைவும் தன் விலகலிலேயே எழுதி அதே விலகலில் படிக்கும். தொழிற்சாலையில் பதிவான டிஸ்க் நான்கைந்து (பழைய மென்பொருள், பிரின்டர் டிரைவர் எதுவானாலும் சரி) முதல் ட்ராக் முதல் கடைசி வரை படிக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் போனால், வேறு வேறு டிரைவ்களில் எழுதிய டிஸ்குகள். எல்லாம் படித்தால் அலைன்மென்ட் நன்றாக இருக்கிறது. தன் டிஸ்க் மட்டும் படித்து மற்றவை எல்லாம் தடுக்கினால்தான் விலகல். அப்போதும் டேவ் டன்ஃபீல்டின் இமேஜ்டிஸ்க் மென்பொருளில் உள்ள அலைன்மென்ட் சோதனையை ஓடவிட்டு, மோட்டார் இருக்கும் இடத்தை ஊசியால் கீறிக் குறித்துவிட்டுத்தான் ஸ்க்ரூவைத் தொட வேண்டும். அதே மென்பொருள் சுழல் வேகமும் காட்டும். நிமிடத்துக்கு 300 சுற்று என்பதற்கு ஒன்றரை சதவீதம் மேலோ கீழோ இருந்தால் பரவாயில்லை.

#12 ஈயப்பற்று

டிஸ்கைப் போடறதுக்கு முன்னாடி டிஸ்கையும் பாருங்க. கடலோர ஊர்ல இருந்த டிஸ்க்னா பூஞ்சை நிச்சயம். தகட்டுக் கதவை விரலால தள்ளிப் பிடிச்சுக்கிட்டு, பின்பக்கம் நடு உலோக வட்டத்தை மெதுவாச் சுத்துங்க, டார்ச்சைச் சாய்ச்சு அடிச்சு முழுச் சுற்றும் பாருங்க. வெள்ளைப் புள்ளியோ, பாசி மாதிரி வட்டமோ இருந்தா அதைப் போடாதீங்க. ஒரு பூஞ்சை டிஸ்க் ஹெட்டை அழுக்காக்கும், அந்த ஹெட் அடுத்த நல்ல டிஸ்கைக் கீறும். உங்க மேல் ஹெட் இப்படித்தான் கெட்டிருக்கும்.

தகட்டுக் கதவு வளைஞ்சிருந்தா கழட்டிட்டுப் போடுங்க. அது உள்ளே மேல் ஹெட்டில் மாட்டிக்கிட்டா, டிஸ்கை இழுக்கும்போது ஹெட்டும் கூடவே வந்துடும். சிக்கினா இழுக்காம மேல்மூடியைக் கழட்டி விடுவிக்கணும்.

பூஞ்சை டிஸ்க்னா: தகட்டுக் கதவை எடுத்துட்டு, உறையை மூலையிலிருந்து மெல்லிய கத்தியால நெம்பிப் பிரிங்க. உள் வட்டை நடு உலோகத்தில் மட்டும் பிடிக்கணும். டிஸ்டில்டு வாட்டர்ல பாத்திரம் கழுவுற சோப் ஒரு சொட்டு, விரல் நுனியால தேய்க்காம வருடிக் கழுவி, சோப் இல்லாத டிஸ்டில்டு வாட்டர்ல ரெண்டு தடவை அலசி, நிழல்ல முழுசாக் காய விட்டு, வேற ஒரு சுத்தமான டிஸ்கோட உறையில் போடுங்க. பழைய உறையோட உள் துணியில் பூஞ்சை உட்கார்ந்திருக்கும், அது வேண்டாம். ஆல்கஹாலால வட்டைத் துடைக்காதீங்க, சில டிஸ்குகள்ல பூச்சே உரிஞ்சு வரும்.

ஓடும்போது ‘கீச்’னு சத்தம் வந்தா அந்த விநாடியே எடுத்துடுங்க. பூச்சு இளகி உதிருதுன்னு அர்த்தம். ‘ரீட்ரை’யை அமுக்கிக்கிட்டே இருந்தா வட்டில் பளபளன்னு வளையம் விழும். அந்த இடத்துல டேட்டா இருக்காது.

#13 பழையபெட்டி486

தொழிற்சாலை டிஸ்க் நான்கும் முழுவதும் படித்தன. 12-ல் இரண்டில் பூஞ்சை, அவற்றைத் தனியே வைத்துவிட்டேன். மீதியைத் தொடங்கினால் புதிதாக ஒரு விசித்திரம்: முதல் டிஸ்கின் டைரக்டரி வருகிறது, இரண்டாவதைப் போட்டாலும் அதே பட்டியல். மூன்றாவதுக்கும் அதே. கணினியை அணைத்துப் போட்டால்தான் சரியான பட்டியல் வருகிறது.

#14 தடம்சுழியம்

நிறுத்துங்கள். இதைப் பேய் டைரக்டரி என்பார்கள். டிஸ்க் மாறியதைக் கணினிக்குச் சொல்வது 34-ஆவது பின். டிஸ்கை எடுத்ததும் டிரைவ் அந்தக் கம்பியைக் கீழே இழுக்கும், புது டிஸ்க் வந்து ஹெட் ஒரு ட்ராக் நகர்ந்த பிறகுதான் விடும். அந்தச் செய்தி வராவிட்டால் டாஸ் பழைய டிஸ்கின் ஃபேட் அட்டவணையையே நினைவில் வைத்துக்கொண்டு வேலை செய்யும். இந்த நிலையில் எழுத முயன்றிருந்தால் முதல் டிஸ்கின் அட்டவணை இரண்டாவதன் மேல் ஏறி, இரண்டாவது டிஸ்க் நாசமாகியிருக்கும். தாழைத் திறந்து வைக்கச் சொன்னதன் பலன் இங்கே தெரிகிறது.

கேபிள் மாற்றியபோது ஓரக் கம்பி சரியாகக் கடிபடாமல் போயிருக்கலாம், 34 கடைசிக் கம்பி. பழைய கேபிளைப் போட்டுப் பாருங்கள். அதிலும் இப்படியே என்றால் டிரைவின் உள்ளே டிஸ்க் இருப்பதை உணரும் சின்ன சுவிட்ச். முன்பக்கம் போர்டில் இரண்டு மூன்று பொத்தான் நிற்கும்: டிஸ்க் இருக்கிறதா, ரைட்-புரொடெக்ட், 1.44-க்கான ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு துளி ஆல்கஹால் விட்டு முப்பது தடவை அமுக்கி விடுங்கள்.

#15 செம்புக்கம்பி

சுவிட்ச் சரியாகலேன்னா கான்ஃபிக்.சிஸ்ல டிரைவ்பார்ம் வரி சேர்த்துடலாம்: ‘டிரைவ்பார்ம்=/டி:0 /எஃப்:7’. ‘/சி’ போடாம விட்டா மாற்றக் கம்பி இல்லாத டிரைவ்னு எடுத்துக்கும். கொஞ்சம் மெதுவா இருக்கும், ஆனா பேய் வராது.

(ஆமாம், கோடெக்காரன்தான் சொல்றேன்.)

#16 பழையபெட்டி486

பழைய கேபிளைப் போட்டதும் பேய் போய்விட்டது. புதுக் கேபிளில் 34-ஆவது கம்பிக்கு மல்டிமீட்டரில் தொடர்ச்சியே இல்லை.

ஃபைல்களை நகல் எடுக்காமல் முழு டிஸ்க்கையும் செக்டார் விடாமல் ஒரே ஃபைலாக, பிம்பமாகவே எடுத்தேன். கழுவிய இரண்டும் சேர்த்து 12-ம் ஆயிற்று. பத்து முழுமை. ஒன்றில் செக்டார் 2671, இன்னொன்றில் 1210 மட்டும் எத்தனை முறை முயன்றும் வரவில்லை, அந்த இடத்தில் சுழியம் நிரப்பியிருக்கிறது. என்ன போயிற்று என்று கண்டுபிடிக்க வழி உண்டா?

#17 தடம்சுழியம்

உண்டு. 1.44 டிஸ்கில் ஒரு கிளஸ்டருக்கு (ஃபைலுக்கு டாஸ் ஒதுக்கும் அலகு) ஒரு செக்டார், செக்டார் 33-தான் கிளஸ்டர் 2. எனவே செக்டார் எண்ணில் 31-ஐக் கழியுங்கள்: 2671 என்பது கிளஸ்டர் 2640, 1210 என்பது 1179.

ஃபேட்-12-ல் ஒரு கிளஸ்டருக்கு ஒன்றரை பைட். 2640-ஐ ஒன்றரையால் பெருக்கினால் 3960, பூட் செக்டாரின் 512-ஐக் கூட்டினால் 4472. பிம்பத்தை ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து 4472-ஆவது பைட்டுக்குப் போங்கள். அதையும் அடுத்த பைட்டையும் சேர்த்து எடுங்கள், பின்னதுதான் பெரிய பாதி. இரட்டைப்படை கிளஸ்டர் என்பதால் கீழ் 12 பிட். 1179-க்கு 1768.5, பின்னத்தை விட்டு 512 கூட்டினால் 2280. ஒற்றைப்படை என்பதால் அங்கே மேல் 12 பிட். 000 என்றால் அந்த இடம் காலி, எந்த ஃபைலும் அதில் இல்லை.

#18 பழையபெட்டி486

2640-ல் 000. 1179-ல் எஃப்எஃப்எஃப். பின்னோக்கிச் சங்கிலி பிடித்துப் போனால் அது ஒரு சாதா எழுத்து ஃபைல், அளவு 11,290 பைட். திறந்தால் தமிழ் இல்லை, உச்சிக்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகளாக வருகிறது. இதுவும் கெட்டுப்போனதா?

#19 தடம்சுழியம்

அது கெடவில்லை. யூனிகோடுக்கு முந்தைய எட்டு பிட் எழுத்துரு. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டுக்குப் பிறகு என்றால் டாப் அல்லது டாம் குறியீடாக இருக்கலாம், டிஸ்கியாகவும் இருக்கலாம். இவற்றை யூனிகோடாக்கும் ஒவ்வொரு மாற்றியிலும் ஒரு பத்தியைப் போட்டுப் பாருங்கள், சரியானது எதுவென்று படித்ததும் தெரியும். மாற்றுவது நகலில் மட்டும், பிம்பத்தைத் தொட வேண்டாம்.

எஃப்எஃப்எஃப் என்றால் அந்தக் கிளஸ்டர் ஃபைலின் கடைசி. 22 செக்டார் முழுதாக 11,264 பைட். 11,290-ல் அதைக் கழித்தால் 26. அந்தக் கடிதத்தில் போனது கடைசி 26 பைட் மட்டும், கீழே போட்ட பெயராக இருக்கும்.